காப்புக் கட்டிய ஊரில் கருவாடு

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
18 ஆகஸ்ட் 2023

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள ஐரின் அக்காவுக்கு லிடியா எழுதிக்கொள்வது. நானும் ஆண்டனியும் நல்ல சுகம். உன் சுகமும் உன் முழங்காலின் சுகமும் அறிய ஆவல். உங்கள் மலையில் மழை விட்டதா?

போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ மருந்தகத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று "கேக்குதா, கேக்குதா" என்று கத்துவாய். நான் இங்கே "கேக்குது, கேக்குது" என்று கத்துவேன். அதற்குள் லைன் போய்விடும். போகாவிட்டால் நமக்குள் சண்டை வரும். கடிதம்தான் நமக்குச் சரி. இதில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

அக்கா, எனக்கு ஆய்வு நிதி கிடைத்திருக்கிறது! எனக்கு, என் பேரில்!

இத்தனை வருஷமாக எங்கள் தாவரவியல் துறையிலிருந்து போன விண்ணப்பம் எல்லாம் நான் எழுதியதுதான். துறைத் தலைவர் முருகேசன் சார் பேரில் போகும். அவர் கையெழுத்துப் போட்டு "நல்லா வந்திருக்கும்மா" என்பார். நானும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்தத் தடவை ஆண்டனி பிடித்துக்கொண்டார். "ஒரு வாட்டி உன் பேரப் போட்டுத்தான் பாரேன், பேரு என்ன தேஞ்சா போகும்?" என்றார். போட்டேன். முருகேசன் சார் சிரித்துக்கொண்டே அனுப்பச் சொன்னார். டெல்லிக்காரர்கள் சரி என்று எழுதிவிட்டார்கள்.

நத்தம் பக்கத்துத் தோப்புகளில் மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது யார், அவர்களைக் கூடுதலாக வரவழைத்தால் காய்ப்பு கூடுமா என்பதுதான் ஆய்வு. இரண்டு வருஷத் திட்டம். முதல் வருஷம் முடிந்ததும் ஒரு குழு உட்கார்ந்து கேள்வி கேட்கும். அவர்களுக்குத் திருப்தி என்றால்தான் இரண்டாம் வருஷம். இல்லாவிட்டால் அத்தோடு கடையைக் கட்ட வேண்டியதுதான்.

பிரின்சிபால் சிஸ்டர், அதுதான் மடத்தில் உன்னோடு நவசந்நியாசப் பயிற்சியில் இருந்தவர், எல்லார் முன்னாலும் கை கொடுத்தார். முதன்மை ஆய்வாளர் நான்தானாம். ஆள் எடுக்க வேண்டும், கருவி வாங்க வேண்டும், குழு முன்னால் நின்று பேச வேண்டும். நான் எப்போது யாரிடம் "இதைச் செய்" என்று சொல்லியிருக்கிறேன்? பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றைக்கு டீச்சர் என் பேரைக் கேட்க, அடுத்த வகுப்பிலிருந்து நீ ஓடி வந்து சொன்னாய். கல்லூரிக் கூட்டங்களில் இன்று வரைக்கும் என் பதில் ஒன்றுதான்: "சார் சொன்னா சரி."

செய்யட்டுமா, வேண்டாமா? ஒரு வரி எழுது.

அன்புத் தங்கை
லிடியா


மலை மருந்தகம், ஜார்க்கண்ட்
6 செப்டம்பர் 2023

இறைவனுக்குப் புகழ்.

அன்புள்ள லிடிக்கு அக்காவின் ஆசீர். இங்கே நலம். முழங்காலும் நலம், ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறது.

உன் கடிதத்தை இங்குள்ள சிஸ்டர்களுக்கு இந்தியில் வாசித்துக் காட்டினேன். "ஈக்கும் தேனீக்கும் என் தங்கைதான் இனிமேல் தலைவி" என்றேன். நன்றாகச் சிரித்தார்கள். அம்மா இருந்திருந்தால் மேட்டுப்பட்டி முழுக்க மிட்டாய் கொடுத்திருப்பாள்.

ஒரு வரி கேட்டாய். செய். ஆனால் நான் சொல்கிறபடி செய். முதல் நாளே கண்டிப்பாக இரு. சிரித்துப் பேசினால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். முருகேசன் சாரைப் பகைத்துக்கொள்ளாதே. உன் குழுவிடம் முதல் நாள் என்ன பேச வேண்டும் என்று தனித்தாளில் எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன், அப்படியே மனப்பாடம் செய்துகொள். முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் பாதியில் விட்டுவிடு. உன் உடம்புக்கு முன்னால் மாம்பூ எம்மாத்திரம்?

இங்கே போன வாரம் எங்கள் சபைத் தலைவி மதர் புரொவின்சியால் வந்திருந்தார். மலைப் பெண்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுக்க ஏதோ ஓர் அறக்கட்டளை நிதி தருகிறதாம், நகரத்து நர்சிங் கல்லூரியோடு சேர்ந்து நடத்த வேண்டுமாம். தலைமை ஏற்க ஆள் தேடுகிறார். ஆளா இல்லை, எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

ஆண்டனியை விசாரித்ததாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

ஐரின் அக்கா


திண்டுக்கல்
27 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கமும் முத்தங்களும். இங்கே பனி ஆரம்பித்துவிட்டது. உங்கள் மலையில் இன்னும் அதிகமாக இருக்கும், கம்பளி போர்த்திக்கொள். பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மூச்சு விட நேரமில்லை.

இரண்டு பேரை வேலைக்கு எடுத்துவிட்டேன். நேர்காணல் நடத்தியவள் நான்! வந்தவர்களைவிட எனக்குத்தான் அதிகமாக வியர்த்தது. பானுப்ரியா எம்.எஸ்சி. முடித்தவள், சேவுகம்பட்டி விவசாயக் குடும்பம். அப்பாவோடு வந்தாள். வேலை கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப் போடுவதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறாராம். விக்னேஷ்குமார் சின்னாளப்பட்டி. வீட்டில் தறி ஓடுகிறது. மிஞ்சிய கலர் நூலை ஒரு பை நிறையக் கொண்டுவந்து, "மேடம், எந்த வாரம் விரிஞ்ச பூவோ, அந்த வாரத்துக்கு ஒரு கலருன்னு கொத்துல கட்டிருவோம், பின்னாடி குழப்பமே வராது" என்றான். நல்ல யோசனை. அப்படியே செய்யப் போகிறோம்.

நீ எழுதித் தந்த பேச்சைப் பேசினேன். "நேரம் தவறுவதை நான் ஒருபோதும் பொறுத்துக்கொள்ள மாட்டேன்" என்ற இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பானு மட்டும் சிரிக்கவில்லை. பயந்துபோய் நின்றாள்.

நுண்ணோக்கி வாங்க அலுவலகத்தோடு ஒரு பெரிய யுத்தம். ஃபைல் ஒவ்வொரு மேசையாகத் தூங்கியது. கடைசியில் நானே போய் அலுவலக மேலாளர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். "கையெழுத்து ஆகுற வரைக்கும் இங்கனயே இருக்கேன் சார், எனக்கு வேற வேலை இல்ல" என்றேன். செத்த நேரத்தில் கையெழுத்தாகிவிட்டது. அக்கா, நன்றாக இருந்தது.

நத்தத்துக்கு அந்தப் பக்கம் குருந்தம்பட்டியில் கண்ணுசாமி அண்ணன் தோப்பைக் கொடுத்திருக்கிறார். மாம்பூவுக்குத் தேனீயைவிட ஈக்கள்தான் அதிகம் வேலை செய்கின்றன. சில நாடுகளில் மரத்தில் இறைச்சிக் கழிவையும் மீனையும் தொங்கவிட்டு ஈயை வரவழைக்கிறார்கள். அதைத்தான் நாங்களும் செய்து பார்க்கப் போகிறோம். இதைச் சொன்னதும் கண்ணுசாமி அண்ணன், "ஈய வெரட்டுறதுக்குத்தான் கவருமெண்டு காசு குடுக்கும்னு நெனச்சேன், வரவழைக்கவுமா குடுக்குது?" என்று கேட்டார். அவர் சம்சாரம் அய்யம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ஒரு ரகசியம். போன மாதத்திலிருந்து பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். தூக்கமும் சரியில்லை. ஆண்டனிக்கு மட்டும் தெரியும். கல்லூரியில் தெரிந்தால் ஓரம் கட்டிவிடுவார்கள். உன்னோடு இருக்கட்டும்.

அந்தப் பயிற்சித் திட்டத்துக்கு ஆள் கிடைத்துவிட்டார்களா? நீயே செய்யலாமே?

உன்
லிடியா


மலை மருந்தகம்
20 டிசம்பர் 2023

அன்புள்ள லிடிக்கும் ஆண்டனிக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். பாலன் உங்கள் வீட்டில் சமாதானத்தைக் கொண்டுவரட்டும்.

உன் கடிதம் கிடைத்ததிலிருந்து என் மனசு சரியில்லை. பிரஷர் என்ன விளையாட்டா? தினமும் நோயாளிகளைப் பார்க்கிறவள் சொல்கிறேன், கேள். உப்பைக் குறை. ஊறுகாய்ப் பக்கமே போகாதே. மேலாளர் முன்னால் நாற்காலி போட்டு உட்காருவதெல்லாம் உனக்கு எதற்கு? உன் சுபாவம் அது இல்லை லிடி. பொறுப்பைக் கொஞ்சம் முருகேசன் சாரிடம் பிரித்துக் கொடேன்.

இங்கே குடில் ஜோடிக்கும் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. மற்றவை பிறகு.

ஐரின் அக்கா


திண்டுக்கல்
24 பிப்ரவரி 2024, சனி

அன்புள்ள அக்கா,

தவக்கால வாழ்த்து. உன் உடம்பு எப்படி இருக்கிறது? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மானம்தான் போய்விட்டது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தோப்பு முழுக்கப் பூ. ஒரு வாரமாக இறைச்சிக் கழிவும் கருவாடும் கட்டித் தொங்கவிட்டு, ஈ அள்ளிக்கொண்டு வந்தது. செவ்வாய்க்கிழமை குருந்தம்பட்டி அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் அவிழ்க்கிற வரைக்கும் ஊருக்குள் கவிச்சி கூடாது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்யவில்லை அக்கா, அதுதான் கொடுமை. நானே விக்னேஷைக் கூப்பிட்டு, "ஊர்ல விரதம்பா, கறிய எல்லாம் எறக்கிருங்க, கருவாடு மட்டும் இருக்கட்டும்" என்று சொன்னேன். எவ்வளவு பக்குவமாக நடந்துகொள்கிறோம் என்று மனசுக்குள் பெருமை வேறு.

நம் வீட்டில் சுத்தபோசன நாளில் கறிதானே ஆகாது? பெரிய வெள்ளிக்கே அம்மா மீன் குழம்பு வைத்திருக்கிறாளே! மீன் விரதத்தைக் கெடுக்கும் என்று என் புத்தியில் படவே இல்லை. பழைய கருவாட்டில் வாடை போய்விட்டது என்று புதுக் கருவாட்டை வாங்கி, நனைத்து, நானே நின்று கட்டச் சொன்னேன்.

வியாழக்கிழமை முளைப்பாரிக்குத் தண்ணீர் எடுக்கத் தோப்புக் கிணற்றுக்கு வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அய்யம்மாள் அண்ணாந்து பார்த்து, "ஆத்தாடி, காப்புக் கட்டுன ஊருல கருவாட்டுத் தோரணமா?" என்று அலறியது. கொஞ்ச நேரத்தில் பாதி ஊர் கூடிவிட்டது. கண்ணுசாமி அண்ணன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாத்தையும் எறக்குங்க. இனிமே ஒருத்தரும் தோப்புக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்றார். இறக்கிவிட்டு வந்தோம். பூ இன்னும் மூன்று வாரம் இருந்தால் அதிகம். தோப்புக்குள் போக முடியாவிட்டால் இந்த வருஷக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாமல் குழு முன்னால் போனால் இரண்டாம் வருஷமும் இல்லை. அப்புறம் பானு கழுத்தை நீட்ட வேண்டியதுதான், விக்னேஷ் தறிக்குப் போக வேண்டியதுதான்.

கல்லூரிக்கும் செய்தி போய்விட்டது. பிரின்சிபால் சிஸ்டர் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தலைமைப் பொறுப்பை முருகேசன் சாருக்கு மாத்திரலாம் லிடியா. நீங்க துணையா இருங்க. உங்களுக்கு உடம்பும் முடியலியாமே, மாத்திரை எல்லாம் சாப்பிடுறீங்களாம், தூக்கமும் இல்லியாம்" என்றார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். என் மாத்திரை அவருக்கு எப்படித் தெரிந்ததோ. வீட்டிலே ஆண்டனிக்குத் தெரியும். ஆண்டனி சிஸ்டரைக் கண்டால் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஊமையாக நிற்கிற ஆள்.

நாளைக்கு ஞாயிறு. காலைப் பூசை முடிந்ததும் குருந்தம்பட்டிக்குப் போகிறேன். ஊர்க்கூட்டத்தில் பேச அனுமதி கேட்டிருக்கிறேன். என்ன பேசுவது என்று உன்னிடம் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வர நாள் ஆகும். எனக்காக ஒரு ஜெபம் சொல்.

லிடியா


மலை மருந்தகம்
4 மார்ச் 2024

அன்புள்ள தங்கைக்கு,

இறையாசீர். உன் கடிதம் நேற்று மருந்து ஜீப்பில் வந்தது. இன்றே எழுதுகிறேன்.

முருகேசன் சாரிடம் கொடுத்துவிடு. அதில் ஓர் அவமானமும் இல்லை. ஊர்க்காரர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும், ஆம்பிளை, வயசில் மூத்தவர். தெய்வக் காரியத்தில் மாட்டிக்கொண்டுவிட்டாய், நாளைக்கு யாராவது கை நீட்டிவிட்டால் என்ன செய்வாய்? துணை ஆய்வாளர் என்றாலும் உன் பேர் இருக்கத்தானே செய்யும். நிம்மதியாகப் பாடம் நடத்து, நேரத்துக்குத் தூங்கு. உன்னைப் பற்றி உனக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும்.

உப்பைக் குறைத்தாயா? தினமும் உனக்காகச் செபமாலை சொல்கிறேன்.

ஐரின் அக்கா


திண்டுக்கல்
16 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

இங்கே அனைவரும் சுகம். வெயில் ஏறிவிட்டது. உன் கடிதம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் உன் யோசனைப்படி நடக்கவில்லை என்று வருத்தப்படாதே. முன்னாலேயே வந்திருந்தாலும் நடந்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டனி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். "உள்ள வரட்டுமா?" என்றார். வேண்டாம், டீக்கடையில் இருங்கள் என்றேன். பானுவும் விக்னேஷும் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து நின்றார்கள். நான் வரச் சொல்லவில்லை.

கோயில் முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மனப்பாடம் பண்ணிய பேச்சு ஒன்றும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "தப்பு என்னுது. பிள்ளைங்க மேல ஒரு குத்தமும் இல்ல. நான் வேதக்காரி. எங்க வீட்ல நோன்புன்னா கறி ஆகாது, மீன் ஆகும். அந்தப் புத்தியில கருவாடு பரவால்லன்னு நெனச்சுட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்ருக்கணும். கேக்கல. மன்னிச்சிருங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது பெண்கள் பக்கமிருந்து அய்யம்மாள், "ஏந்தாயி, கறிய விட்டுப்புட்டுக் கருவாட்டக் கடிச்சா அதுக்குப் பேரு விரதமா?" என்று கேட்டது. அங்கே ஒரு கிழவர் பொக்கை வாயோடு சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அக்கா, அவ்வளவு பயந்துபோய் இருந்துகொண்டு சிரிக்கிற சிரிப்பு இருக்கிறதே, கண்ணெல்லாம் தண்ணீர்.

கண்ணுசாமி அண்ணன்தான் கடைசியில் சொன்னார்: "மரத்துக்கெல்லாம் மஞ்சத்தண்ணி தெளிச்சு விடுங்க. காப்பு அவுக்குற வரைக்கும் கவிச்சி வரக் கூடாது. வெறுங்கையோட வந்து பூவ எண்ணிக்கங்க, அதுக்குத் தடையில்ல." அப்படியானால் பத்து நாள் ஈயை வரவழைக்க முடியாது. திட்டத்தில் எழுதியதற்கு நேர்மாறு. அந்த இடத்திலேயே முடிவு சொல்ல வேண்டும். யாரைக் கேட்பது? திரும்பிப் பார்த்தேன், நான்தான் இருந்தேன். "சரிண்ணே" என்றேன்.

மஞ்சள் தண்ணீர் தெளிக்கும்போது பானு மெல்லச் சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம், கருவாடு ஆகாதுன்னு. எங்க ஊர்லயும் அப்படித்தான்." ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க மேடம். ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சேன். மொத நாளே அம்புட்டுக் கண்டிப்பாப் பேசுனீங்க."

எனக்கு யாரோ அறைந்த மாதிரி இருந்தது. முருகேசன் சார் முன்னால் நான் எப்படி நின்றேனோ அப்படியே என் முன்னால் ஒரு பெண்ணை நிற்க வைத்திருக்கிறேன். இப்போது ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். காலையில் தோப்புக்குப் போனதும் மேடம் சொன்னதில் ஒரு குற்றமாவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு டீ கிடையாது. முதல் இரண்டு நாள் பானு டீயே குடிக்கவில்லை. இப்போது இரண்டு டீ குடிக்கிறாள்.

திங்கட்கிழமை பிரின்சிபாலிடம் போனேன். "பொறுப்ப மாத்த வேண்டாம் சிஸ்டர். மாத்திரை சாப்பிடுறது உண்மைதான். மாத்திரை சாப்பிடுறவங்க தலைமை தாங்கக் கூடாதுன்னா நம்ம ஸ்டாஃப் ரூம்ல பாதிப் பேர் வீட்டுக்குப் போகணும்" என்றேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம், "ஜூலை வரைக்கும் பாப்போம்" என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. நவசந்நியாசத்துச் சிநேகிதம் எனக்குத் தெரியாதா?

காப்பு அவிழ்த்துவிட்டார்கள். மறுபடியும் கருவாடு கட்டியாயிற்று. கடைசிப் பூக்கள் விரிகின்றன.

லிடியா


திண்டுக்கல்
2 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

சுகமா? ஈஸ்டருக்கு உன் வாழ்த்து வரவில்லை. என் பிறந்த நாளுக்கும் வரவில்லை. அது இதுவரை நடந்ததே இல்லை. போன் போட்டால் லைனே போகவில்லை. முழங்கால் ரொம்பப் படுத்துகிறதா? நம்பர் ஒன்று தைலம் ஆண்டனி வாங்கி வைத்திருக்கிறார், இந்தப் பார்சலில் இருக்கிறது. கூடவே அய்யம்மாள் கொடுத்த மாங்காய் வத்தல். அதில் உப்பு கூட, நீ எனக்குச் சொன்னதை உனக்கு நான் சொல்கிறேன், அளவாகச் சாப்பிடு.

காய் பறித்து முடிந்தது. நூல் நூலாக எண்ணினோம். குழு சென்னையில் ஜூலை மத்தியில் கூடுகிறது. விடாமல் எண்ணிக்கொண்டிருக்கிறேன், கனவிலும் மாங்காய்தான்.

உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கடிதம் எழுது.

லிடியா


மலை மருந்தகம்
25 ஜூன் 2024

அன்புள்ள லிடி,

இறைவன் உன்னைக் காப்பாராக. பார்சல் பத்திரமாக வந்தது. முழங்காலுக்குத் தைலம் கேட்கிறது, நாக்குக்கு வத்தல் கேட்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். விடு.

உன் மார்ச் மாதக் கடிதத்தை அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். இந்தப் பேச்சு பேசியது நம் லிடியா என்று ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருக்கிறது. மதர் புரொவின்சியால் மூன்றாவது தடவையாக வந்திருந்தார். அந்தப் பயிற்சித் திட்டத்துக்கு ஆள் தேடுகிறார் என்று எழுதினேனே, அவர் முதலிலிருந்தே கேட்டது என்னைத்தான். இரண்டு தடவை முழங்காலைக் காட்டித் தப்பித்தேன். உண்மையில் முழங்கால் இல்லை. மற்றவர்களுக்காகப் பேசு என்றால் நான் எங்கும் பேசுவேன். நோயாளிக்காகப் பேசுவேன், உனக்காகப் பேசுவேன். "இது என் பொறுப்பு, தப்பு நடந்தால் நான் பதில் சொல்கிறேன்" என்று எனக்காகப் பேச வேண்டுமென்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது லிடி. இந்த வயசில் இதைத் தங்கையிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்தத் தடவை யோசிக்க ஒரு மாதம் கேட்டிருக்கிறேன். நேர்காணல் எப்படி நடத்தினாய்? ஆட்களிடம் முதல் நாள் என்ன பேச வேண்டும்? நான் அனுப்பிய அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் கூட்டத்துக்காக ஜெபிக்கிறேன்.

ஐரின்


திண்டுக்கல்
28 ஜூலை 2024

சேசு மரி சூசை துணை.

அன்பு அக்காவுக்கு லிடியாவின் ஆயிரம் முத்தங்கள். நாங்கள் இருவரும் நல்ல சுகம். பிரஷரும் சுகம், டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

முதலில் சென்னைக் கதையைச் சொல்கிறேன். நீள மேசை, அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் நான். வெளியே பெஞ்சில் பானுவும் விக்னேஷும். படங்களை எல்லாம் காட்டினேன். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "திட்டத்தில் தொடர்ந்து தொங்கவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நடுவில் சில நாள் இல்லையே, ஏன்?" என்று கேட்டார்.

கருவி பழுது என்று சொல்லலாம், மழை என்று சொல்லலாம். சொல்லவில்லை. காப்புக் கட்டியது, கருவாடு, ஊர்க்கூட்டம், மஞ்சள் தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "நிறுத்துவது என்று முடிவு எடுத்தது யார்?" என்றார்.

அக்கா, அந்த ஒரு நொடியில் என் நாக்கு நுனியில் "சார்" என்ற சொல் பழக்கத்தில் வந்து நின்றது. விழுங்கிவிட்டு, "நான்தான்" என்றேன்.

அப்புறம் நூல் கணக்கைக் காட்டினேன். கருவாடு இருந்த நாளில் விரிந்தது சிவப்பு நூல், இல்லாத நாளில் விரிந்தது பச்சை, மறுபடி கட்டிய பிறகு மஞ்சள். எல்லாம் அதே மரங்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் பிஞ்சு நிறையப் பிடித்திருக்கிறது, பச்சையில் குறைவு. ஈ வந்ததால்தான் காய்த்தது என்று இவ்வளவு தெளிவாகக் காட்ட அந்தப் பத்து நாள் இல்லாவிட்டால் முடிந்திருக்காது. இதை நான் யோசித்துச் செய்யவில்லை, ஊர் சொல்லிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் எழுதிக்கொண்டே, "அடுத்த வருஷம் யோசித்துச் செய்யுங்கள்" என்றார்.

அடுத்த வருஷம்! எழுத்தில் ஆணை வந்துவிட்டது. பானு அப்பா கல்யாணப் பேச்சை மறுபடி மடித்து வைத்துவிட்டார். பானு என்னிடமே பிஎச்.டி. பதிவு செய்யப் போகிறாள். பிரின்சிபால் சிஸ்டர் கல்லூரி ஆராய்ச்சிக் குழுவுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறார். நேற்று முருகேசன் சார் ஒரு ஃபைலோடு வந்து, "லிடியா, ஒரு விண்ணப்பம் எழுதிருக்கேன், செத்தப் பாரும்மா" என்றார். அவரே எழுதியிருக்கிறார் அக்கா! நிறையத் தப்பு. தயங்காமல் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். "நல்லா வந்திருக்கு சார்" என்றும் சொன்னேன்.

இப்போது உன் விஷயம். நேர்காணல் கேள்விகளைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். முதல் நாள் என்ன பேச வேண்டும் என்று மட்டும் எழுதித் தர மாட்டேன். அது உன் வாயில் என்ன வருகிறதோ அதுதான். ஆனால் உன் பெண்கள் உன்னிடம் குற்றம் கண்டுபிடித்துச் சொன்னால்தான் டீ என்று முதல் நாளே சொல்லிவிடு. தப்பு கண்டிப்பாக நடக்கும். என்னுடையதைவிடப் பெரிதாக நடக்காது, அவ்வளவு வாடை அடிக்கிற தப்பை யாராலும் செய்ய முடியாது. "நான்தான்" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார். முதல் தடவைதான் தொண்டை அடைக்கும்.

மதரிடம் சரி என்று சொல் அக்கா. சொல்லிவிட்டு எனக்கு எழுது. தூக்கம் வராது, ஆட்கள் படுத்துவார்கள், உனக்கும் பிரஷர் ஏறலாம். ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் எழுது. நான் படித்து, உனக்காக வேண்டிக்கொண்டு, பத்திரமாக வைத்திருப்பேன்.

பயப்படாதே, உன் மதர் புரொவின்சியாலுக்கு மட்டும் போன் பண்ண மாட்டேன்.

உன் தங்கை
லிடியா